நங்கூரக் கல்லும் உறையூர்ச் சுருட்டும்

கல்லறைத் தோட்டத்துக் காவல்காரனுக்கு உள்ளே படுத்திருப்பவர்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. கேள்வி கேட்க வருகிறவர்கள்தான் உயிரை எடுப்பார்கள். வாசலில் நின்று பதில் சொல்லியே வாய் வலித்தவர்களுக்கு இது புரியும். ஐம்பதுகளில் திருச்சிக் கோட்டைப் பக்கம் ஒரு பழைய சர்ச்சில் நான் அந்த வேலை பார்த்தேன்.

கடல் எங்கே?

எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன் ஒருவரின் கல்லறை உண்டு. எழுத்து தேய்ந்த ஒரு கல்லில் நங்கூரம் செதுக்கியிருந்தது. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் அதைக் காட்டி "இவர்தான் கேப்டன்" என்றார். நானும் எல்லோருக்கும் அதையே காட்டினேன். திருச்சியில் கப்பல்காரருக்கு என்ன வேலை என்று பொன்மலை ரயில்வே தொழிலாளி ஒருவர் மடக்கினார். ஏதோ காய்ச்சலாம் என்று இழுத்தேன். அவரே சமாதானம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்: "காவிரியில வெள்ளம் வந்தப்ப வழி தவறி வந்திருப்பாருங்க, விடுங்க."

சுருட்டு

பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறுகிறவர்கள் கேப்டனிடம் சொல்லிவிட்டுப் போவது எப்படியோ வழக்கமாகிவிட்டது. கல்லின் மேல் உறையூர்ச் சுருட்டு வைப்பார்கள். சாயங்காலம் அதை அப்புறப்படுத்துவது என் பொறுப்பு. எப்படி என்று கேட்காதீர்கள். ஒருநாள் பாதிரியார் என்னைக் கூப்பிட்டார். "வைக்கிறவனைக்கூட மன்னிச்சுடலாம். எடுத்துக் குடிக்கிறவன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு."

முசிறி அம்மாள்

வெள்ளிக்கிழமைதோறும் முசிறியிலிருந்து பஸ் பிடித்து ஒரு அம்மாள் வருவார். ஒரே மகன் பினாங்குக்குப் போய் ஐந்து மாதம்; போய்ச் சேர்ந்தேன் என்றுகூட ஒரு கடிதாசு இல்லை. கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "கேப்டன் பார்த்துக்குவாரும்மா" என்பேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்: "நீங்க சொன்னா சரிங்கண்ணே."

வரைபடம்

கேப்டனின் வம்சத்தில் வந்த துரை ஒருவர் சீமையிலிருந்து பழைய வரைபடத்தோடு வந்தார். வரிசையை எண்ணிக்கொண்டே நங்கூரக் கல்லைத் தாண்டிப் போய் எருக்கம்புதருக்குள் நுழைந்தார். கேப்டன் அங்கேதான் இருந்தார். நங்கூரக் கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் படித்தார்கள். அது மூன்று பிள்ளை பெற்ற ஒரு துரைசானியுடையது. நங்கூரம் நம்பிக்கைக்கு அடையாளமாம். கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாதிரியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடப்பாவி, இத்தனை வருஷமா ஒரு அம்மாவுக்கா சுருட்டு வைக்க விட்டே?"

வெள்ளிக்கிழமை

இந்த வாரம் அவர் வராமல் இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். முசிறி அம்மாள் வந்தார். மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அழுகை எனக்குத்தான் முட்டிக்கொண்டு வந்தது. அவர் கல்லைப் பார்த்தபடியே, அந்தம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். கல்லில் ஒட்டியிருந்த சுருட்டுத் தூளை முந்தானையால் துடைத்தார். "அப்ப நான் சொல்லவேண்டிய இடத்துலதான் சொல்லியிருக்கேன், அண்ணே."

பவுடர் டப்பா

இரண்டு வாரத்தில் கடிதாசு வந்தது. பையன் காலை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். மறு வருஷம் அவனே வந்து, நங்கூரக் கல்லின் மேல் பினாங்குப் பவுடர் டப்பா ஒன்றை வைத்தான். நான் வேறு எதையோ எதிர்பார்த்து நிற்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. "சுருட்டு வேணாம், அவங்க பொம்பளைன்னு அம்மா எழுதியிருந்தாங்க."

அதற்குப் பிறகு கப்பல் ஏறுகிறவர்கள் எல்லோரும் துரைசானிக்கே பூவும் பவுடரும் வைத்தார்கள். எருக்கை வெட்டிப் பாதை போட்டும் கேப்டனுக்கு ஒரு சுருட்டுகூட வரவில்லை, எனக்கும்தான்.