கோடையில் மண் விட்ட மூச்சு

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவர் ‘மூச்சக்கா’. மண் விடுகிற மூச்சை அளப்பது அவர் வேலை. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மட்கியதைத் தின்று கரியமில வாயுவை விடும். தரையில் பதித்த வளையத்தின்மேல் மூடியைப் பொருத்தி, எவ்வளவு சேர்கிறதென்று கருவியில் பார்ப்பார். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நாம் விடுவதும் அதே வாயுதானே.

மழைக்காலத்தில் எண் மளமளவென்று ஏறும். கோடையில் மண் காய்ந்து, உயிர்கள் முடங்கி, எண் நகரவே நகராது. இந்தக் கோடையில் எங்கள் தலைவர் சொல்லிவிட்டார்.

“ஒண்ணுமே வராததுக்கு எதுக்கும்மா தனியா ஒரு ஆள்? இந்த வாரம் பாப்போம். இப்படியே இருந்தா மழை வர்ற வரைக்கும் நீங்க வீட்ல இருங்க.”

முதுகு போய்ப் படுத்திருக்கும் கணவருக்கும் கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் அவர் சம்பளம்தான் சோறு.

வாரக் கடைசியில் நான் வயலுக்குப் போனபோது காற்றே இல்லை. கருவியில் எண் மழைக்காலம்போல ஏறியிருந்தது. அக்கா வளையத்தை ஒட்டி உட்கார்ந்து, முழங்காலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விடியுமுன் எழுந்து சமைத்து, கணவரைக் குளிப்பாட்டி, இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

தோளைத் தொட்டு எழுப்பினேன். எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு மூடியின் ரப்பர் விளிம்பை விரலால் தடவினார். ஓரிடத்தில் விரிசல். அவர் முகம் இருந்த பக்கம்.

“மண்ணு எங்க விட்டுச்சு பாப்பா, நான் விட்டது.”

“மெஷின் காட்டுனதுதானேக்கா. அப்படியே அனுப்பிடுங்க. யாரு வந்து மோந்து பாக்கப் போறா?”

“கொறட்டை விட்டேனா?”

“லேசா.”

“அதையும் சேத்து அனுப்பணும்.” சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. “மழை வந்தா நெசமாவே ஏறும். அப்ப இந்தப் பொய்ய எங்க கொண்டுபோய் வைப்பேன்?”

விரிசலில் டேப் ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி அளந்தார். நானும் திரும்பி நின்றேன். எண் நகரவில்லை. அதையே அனுப்பினார். என் சம்பளமாக இருந்திருந்தால் எனக்குக் கை வந்திருக்குமா? இன்னும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அக்கா வரவில்லை. அடுத்தவர் வீடுகளுக்குச் சமைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

முதல் மழை ஒரு மத்தியானம் கொட்டியது. சாயங்காலம் நான் அளந்து பார்த்தபோது எண் எகிறியிருந்தது. தலைவர் சொல்லி நான்தான் போன் செய்தேன்.

“அக்கா, மண்ணு முழிச்சுக்கிச்சு. நாளைக்கே வரச் சொல்றாங்க.”

போனில் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“அதுக்கென்ன, கோடை பூரா நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கு. நான்தான் கண்ணசரவே இல்ல. சரி, வர்றேன்.”