முன்கூட்டிச் சொன்ன சாட்சி

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கர்ப்பம்தான் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தால், ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஆளாளுக்கு எழுந்து சொல்வார்கள். சொல்லி முடித்ததும் கூட்டம் மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்று குரல் கொடுக்கும். கையில் வாங்கிய பிறகு நன்றி சொல்ல யாருக்கும் வரும், வாங்குவதற்கு முன்பே சொல்வதுதான் விசுவாசம் என்று பாஸ்டரம்மா என்னிடம் சொன்னார். எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளும் சுபாவம் அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. சரி என்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பீங்கான் பட்டறையில் சூளை பார்ப்பவர். சூளையைப் பிரித்து, சரக்கை வெளியே எடுத்து, விரலால் தட்டிப் பார்க்கும்வரை 'நல்லா வந்திருக்குது' என்ற சொல் அவர் வாயில் வராது. பட்டறையில் யாருமே சொல்ல மாட்டார்கள். சாட்சி சொல்லப் போகிறேன் என்று சனிக்கிழமை சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே, "இன்னும் சூளையே பிரிக்கல. அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்றார். விசுவாசத்தில் இவருக்குப் பாஸ் மார்க் கூடக் கிடையாது என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். மறுநாள் எழுந்து நின்று, ஆண்டவர் எனக்குப் பிள்ளை கொடுத்துவிட்டார் என்று சொல்லி அழுதேன். எல்லாரும் போட்ட ஸ்தோத்திரத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

அடுத்த வாரமே கரு கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் எங்காவது போக வேண்டும். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன். அதே பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது என் வேலை. கண் எழுதும்போது கை நிற்காமல் ஆடியது. நான் கண் எழுதிய பொம்மைகளெல்லாம் மாறுகண்ணோடு என்னைப் பார்த்தன. மேஸ்திரி அவற்றைத் தனியே எடுத்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சபைப் பெண்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் கையைத் தடவிக்கொண்டே, "உள்ளுக்குள்ள எங்கனா சந்தேகம் இருந்திருக்கும் சிஸ்டர். அதான் நிக்கல" என்றாள். பிள்ளை போன துக்கம் போதாதென்று பழியும் என் தலையில் விழுந்தது. எழுந்து அடுப்படிக்குப் போன நான், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. டீ கூடக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்தான் பெரும்பாடு. குளித்து, புடவை கட்டி, அவரோடு கிளம்புவேன். சபை இருக்கும் தெருமுனை வந்ததும் என் கால் திரும்பிவிடும். அவர் உள்ளே போய், ஆண்கள் பக்கம் பாயில் உட்காருவார். நான் ஜங்ஷன் வரைக்கும் நடப்பேன். ரயில் வருவதையும் போவதையும் பார்த்துவிட்டு வெயிலில் திரும்புவேன். முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை. நடக்கும்போது மட்டும் வாய் ஓயாது. அத்தனை பேர் முன்னால் உமக்காகப் பேசினேனே ஆண்டவரே, என் மானத்தையாவது காப்பாற்றக் கூடாதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடம் பஸ்ஸுக்காக நின்றிருந்த அம்மா ஒருத்தி, நான் முணுமுணுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, "யாருகிட்டம்மா பேசற?" என்று கேட்டாள். அவளைத் தாண்டிப் போனேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எதிரில் ஆள் இல்லாமல் யாராவது இத்தனை வாரம் சண்டை போடுவார்களா? ஆண்டவர்மேல் இவ்வளவு கோபம் இருந்தும், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று ஒரு நாளும் நான் சந்தேகப்படவில்லை. சந்தேகம் இருந்திருக்கும் என்று என் கையைத் தடவிச் சொன்னாளே அந்த சபைக்காரி! ஆத்திரமும், எங்கிருந்தோ வந்த ஒரு தெம்பும் சேர்ந்து தள்ள, வந்த வழியே வேகமாகத் திரும்பி நடந்தேன்.

உள்ளே சாட்சி நேரம் நடந்துகொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்றபடியே பேசினேன்.

"அன்னிக்கு இதே சபைல, புள்ள குடுத்துட்டாருன்னு சாட்சி சொன்னேன். அந்தப் புள்ள இப்ப இல்ல. ஏன்னு எனக்குத் தெரியல. ஆண்டவர்கிட்ட கோவமாத்தான் இருக்கறேன். ஆனா அவர விட்டா நான் யாருகிட்ட போயி கேக்கறது? அதான் வந்துட்டேன்."

ஸ்தோத்திரம் வரவில்லை. இப்படி ஒரு சாட்சிக்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாஸ்டரம்மா குனிந்து பாயைப் பார்த்தார். என் கால் மறுபடியும் தெருப்பக்கம் திரும்பியது.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம்" என்று ஒரே ஒரு குரல் வந்தது. கரகரப்பான, பாதியில் உடைந்துபோன குரல். சபையில் அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை. சூளை பிரித்து, சரக்கு மொத்தமும் வீணாய்ப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு, என் வீட்டுக்காரர் அதைச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன்.