முதல் பெஞ்சுக்குப் பாடு

ஆரோக்கியமேரிக்கு ஆராய்ச்சிப் பட்டம் கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் யாராவது அவள் கழுத்தில் மாலை போடுவார்கள் என்று காத்துக்கொண்டிருப்பீர்கள்.

அறுபதுகளின் நடுவில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஆசிரியைகள். நான் செண்பகம், ஆறாம் வகுப்பு. அவள் ஏழாம் வகுப்பு. திருப்பாச்சூர்ப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் வந்துபோவாள். சென்னையில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தாள். பிள்ளைகள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அந்த நினைப்பில் பள்ளிக்கூடத்துக்கு என்ன பங்கு என்பதுதான் விஷயம்.

பேராசிரியர் ஏதோ வெளிநாட்டுக் கேள்வித்தாளைத் தமிழாக்கிக் கொடுத்தனுப்பினார். மேரி அதைத் தன் வகுப்பில் வாசித்தாள். 'விருந்துகளில் எல்லோரும் என்னைத் தேடி வருவார்கள். ஆமா, இல்லையா?' மீனவர் குப்பத்துக் குப்பாயி, பாடம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வாய் உள்ளவள், எழுந்து கேட்டாள்.

"இன்னா விருந்து டீச்சர்? மஞ்சத்தண்ணி விருந்தா, கருமாதி விருந்தா?"

மேரி தாளை மடித்து அலமாரியில் போட்டாள். ஒரே ஒரு கேள்வியைத் தானே கேட்டாள்: "நீ யாருன்னு சொல்லு." முன்னால் இருந்தவர்கள் அப்பா பேரைச் சொன்னார்கள், ஊரைச் சொன்னார்கள். குப்பாயி, "நான் கடைசி பெஞ்சு" என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். எங்கள் பள்ளியில் உட்காரும் வரிசைக்கு மார்க்கு வரிசை என்று பெயர். அது நெல்லு நிலம் உள்ளவர்களின் வரிசை என்பது ஊருக்கே தெரியும்.

அந்த வாரமே மதிய உப்புமா வரிசையில் ஒரு தகராறு. நிலக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் நடுவில் புகப் பார்க்க, குப்பாயி அவனைப் பிடித்துத் தள்ளினாள். "போடா! இது எங்க பாடு!"

ஏரியில் நல்ல மீன் விழும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் என்றைக்கு வலை போடுவது என்று குப்பத்தார் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. கிழிந்த வலைக்காரனுக்குப் பாடு வந்தாலும் அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவனுடையது. ஊர்த் தலைவரே ஆனாலும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

மறுநாள் மேரி சாக்பீஸ் டப்பாவில் புளியங்கொட்டைகளைப் போட்டுக் குலுக்கினாள். சுண்ணாம்புக் குறி போட்ட கொட்டை எடுத்தவர்களுக்கு அந்த வாரம் முதல் பெஞ்சு. மற்றவர்கள் கொட்டை எடுத்த வரிசையிலேயே பின்னால்; கடைசி பெஞ்சும் வாராவாரம் மாறும். முதல் பெஞ்சு எல்லோருக்கும் ஒரு சுற்று வந்த பிறகுதான் மறுபடி.

தலைமை ஆசிரியர் அருணகிரி குதித்தார். "இது இஸ்கூலா, மீன் மார்க்கெட்டா?"

"மீன் புடிக்கிறதுல இருக்கிற ஞாயம் இங்க இல்ல சார். அதான் கொண்டாந்தேன்" என்றாள் மேரி.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நெருங்கியது. எங்கள் பள்ளியில் அதற்கென்று ஒரு கேவலமான வழக்கம் இருந்தது. முதல் நாளே மக்குப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒனக்கு லீவு" என்று சொல்லிவிடுவார்கள். அதுகளும் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடும். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரம் முதல் பெஞ்சுப் பாடு குப்பாயிக்கு. அருணகிரி மேரியை அழைத்தார். "அந்தப் பொண்ணுக்கு லீவு குடுத்துடு. இல்லனா ஒன் ஆராய்ச்சிக்கு நான் குடுத்த பர்மிஷன வாபஸ் வாங்கிடுவேன். பட்டத்த மறந்துட வேண்டியதுதான்."

பர்மிஷன் போனால் ஆராய்ச்சியும் போகும். நான்கூடச் சொன்னேன். "ஒரு நாள்தானே மேரி? அனுப்பிட்டு அடுத்த வாரம் மறுபடி வச்சிக்கோ."

"ஏரிக்குக் கலெக்டர் வந்தா பாடு மாத்துவாங்களா செண்பகம்?" என்றாள். "இன்னிக்கி மாத்தினா, இது வெறும் வேஷம்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நான் எதைச் சொன்னாலும் அதுங்க நம்பாது."

இன்ஸ்பெக்டர் வந்தார். முதல் பெஞ்சில் குப்பாயி. கோதாவரி எங்கே உற்பத்தியாகிறது என்று அவளைத்தான் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வழக்கமாகத் தலையைத் தொங்கப் போடுகிறவள், அன்று நிமிர்ந்தே நின்றாள்.

"தெரியாது சார். நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"தெரியாதவளுக்கு முதல் பெஞ்சு எதுக்கு?"

"இந்த வாரம் என் பாடு சார்."

பின்னால் இருந்த நிலக்காரர் வீட்டுப் பையன், "ஆமா சார், அவ பாடுதான்" என்றான். நானே ஆடிப்போனேன். இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கு போதாது என்று எழுதிவிட்டுப் போனார். கோதாவரி எங்கே பிறக்கிறது என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

பர்மிஷன் போயிற்று. கோடை விடுமுறைக்குள் மேரிக்குப் பெரியபாளையம் தாண்டி ஒரு பள்ளிக்கு மாற்றலும் வந்தது. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே போன முதல் வாரமே டப்பாவைக் குலுக்கிவிட்டாளாம்.

இங்கே வந்த புது வாத்தியார் மார்க்கு வரிசையில் உட்காரச் சொன்னார். மொத்த வகுப்பும் நின்றது. கொட்டை டப்பா மேஜைக்கு வரும்வரை ஒருத்தரும் உட்காரவில்லை. அடுத்த வருஷம் என் வகுப்பிலும் பாடு வந்தது. அருணகிரி சத்தம் போட்டுப் போட்டு ஓய்வு பெற்றார்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக் கொட்டகைகள் எழும்பத் தொடங்கிய எழுபதுகளில், அதே பேராசிரியர் ஒருநாள் காரில் வந்து இறங்கினார். மேரி யார் என்பதே அவருக்கு நினைவில்லை. கையில் அதே விருந்துக் கேள்வித்தாள். பின்தங்கிய மாணவர்களின் மனநிலையை ஆராய்கிறாராம். ஏழாம் வகுப்பில் நுழைந்து, "கடைசி பெஞ்சுப் பசங்க யாரு? எழுந்து நில்லுங்க" என்றார்.

ஒருத்தரும் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் கேட்டாள்.

"எந்த வாரம் சார்?"