சாந்தியும் ஆரத்தித் தட்டும்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் குதிரைக்கார எல்லம்மா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கொண்டுபோகிற பெண் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான். மாப்பிள்ளை குதிரைமேல் மிதப்பாக உட்கார்ந்திருப்பார். லகானைப் பிடித்து முன்னால் நடக்கும் எல்லம்மாவுக்கு அதைவிட ஒரு பிடி மிதப்பு அதிகமாகவே இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா வந்த மிதப்பு இல்லை அது.

பழைய குதிரை ஓய்ந்த பிறகு ஒரு தரகரிடம் வெள்ளைக் குதிரை ஒன்று வாங்கினாள். பெயர் சாந்தி. பெயர் வைத்த புண்ணியவான் குதிரையைப் பார்க்காமலேயே வைத்திருக்க வேண்டும். பேண்டு சத்தத்துக்கும் பட்டாசுக்கும் அசையாத அந்த மகராசி, தரையில் கொஞ்சம் தண்ணீரைக் கண்டால் போதும், காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கிவிடும். ஒரு மழைக்கே தெருவெல்லாம் குளமாகிற ஊரில் இப்படி ஒரு குதிரை.

ஆவணியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றி, வழக்கம்போல அந்தச் சிவப்பு நீரைக் குதிரையின் காலடியில் கொட்டினார்கள். சாந்தி முன்னங்கால்களைத் தூக்கியது. மாப்பிள்ளை மாலையும் தலைப்பாகையுமாகச் சறுக்கிக்கொண்டு கீழே வந்தார். அடி ஒன்றும் இல்லை, மானம்தான் போயிற்று. மாப்பிள்ளையின் மானம் கொஞ்சம், எல்லம்மாவின் மானம் முழுசாக.

அவளுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவன் பேண்டு செட் அலெக்சாண்டர். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. கார்த்திகைல சந்தாபுராவுல ஒரு கல்யாணம் கீது. உன் குதிரைதான்னு வாக்கு குடுத்துட்டேன். அங்கயும் இப்பிடி ஆச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அவன் போனதும் அவள் புருஷன் முனிராஜ் ஆரம்பித்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், எதையும் சட்டென்று திருப்பிவிடப் பார்ப்பான். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? அங்க கெட்டுச்சுன்னா நானே தரகருக்குப் போன் போட்டு வந்து ஓட்டினு போகச் சொல்லிடுவேன்."

"சும்னே இரு. கண்ணு பட்டுகீது, அவ்ளோதான்," என்றாள் எல்லம்மா.

கண் பட்டால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாதா? தினமும் சாயங்காலம் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, சாந்திக்கே ஆரத்தி சுற்றி, அதன் காலடியில் கொட்டினாள். பயம் குறையவில்லை, வளர்ந்தது. ஒருநாள் கழுவுவதற்காக வெறும் தட்டை எடுத்துப் போனாள். தட்டைப் பார்த்ததுமே சாந்திக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. எல்லம்மா அப்படியே நின்றுவிட்டாள். மருந்து என்று நினைத்து நோயையே அல்லவா தினமும் ஊட்டிக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றோடு திருஷ்டி கழிப்பதை நிறுத்தினாள். அதே பித்தளைத் தட்டில் பீட்ரூட் துண்டுகளை வைத்து நீட்டினாள். சாந்தி கழுத்தை மட்டும் நீட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு விலகியது. தட்டுக்குப் பழகியதும் அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். பீட்ரூட் சாயத்தில் அது ஆரத்தி நீராகவே சிவந்தது. பிறகு அதைச் சற்றுத் தள்ளி மெதுவாகத் தரையில் ஊற்றி, துண்டுகளைப் பொறுக்கித் தின்ன விட்டாள்.

அடுத்தது குழாயடி. அங்கே தேங்கிய தண்ணீரில் தானே வெறுங்காலோடு போய் நின்றாள். கயிற்றை இழுக்கவில்லை. வந்தால் வா, வராவிட்டால் போ என்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு தினமும் காலையில் நின்றாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். ஒரு காலையில் கழுத்தருகே சூடாக மூச்சுப் பட்டது. திரும்பிப் பார்த்தால் நான்கு கால்களும் தண்ணீரில். எல்லம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சாந்தியோ குளம்பால் தண்ணீரை அடித்து அவள் புடவையை முழுக்க நனைத்தது.

சந்தாபுரா கல்யாணத்தன்று மழை கொட்டி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மண்டபத்துக்கு முன்னால் கணுக்கால் தண்ணீர். முனிராஜ் கையில் போனோடு ஓரமாக நின்றான். எல்லம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் இறங்கினாள். கயிறு தொய்வாகவே இருந்தது. மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு சாந்தி சளக் சளக்கென்று பின்னாலேயே வந்தது.

வாசலில் ஆரத்தி சுற்றி, சிவப்பு நீரைக் காலடியில் கொட்டினார்கள். அலெக்சாண்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டான். சாந்தி தலையைக் குனிந்து அந்தச் சிவப்பை முகர்ந்தது. ஒன்றும் கிடைக்காததால் ஆரத்தித் தட்டுக்குள்ளேயே மூக்கை விட்டது.

"என்னக்கா தேடுது?" என்று தட்டு வைத்திருந்த பெண் மிரண்டுபோய்க் கேட்டாள்.

"பீட்ரூட்டு மா. தட்டுல அது இல்லன்னு கோவம்," என்றாள் எல்லம்மா. மாப்பிள்ளை குதிரைமேலிருந்தபடியே சிரித்தார். பேண்டு மறுபடி முழங்கியது.

முனிராஜ் போனைப் பைக்குள் போட்டான். பக்கத்தில் நின்ற பெரியவர், யாருடைய குதிரை என்று கேட்டார்.

"அதோ புடிச்சினு நிக்கிறா பாருங்க, அவளுது. எம் பொஞ்சாதி," என்றான். பிறகு மறுபக்கம் திரும்பி, எதுவுமே கேட்காமல் நின்றிருந்த இன்னொருவரிடமும் அதையே சொன்னான்.