செம்பில் வாய் வைத்தவர்

என் மகள் தொண்டை அடைப்பான் வந்து ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நாளில்தான் லண்டன் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வந்தது. "ஒரு பிள்ளை ஊருக்குப் போய் டிப்தீரியா கொண்டுவந்திட்டுது. மற்றப் பிள்ளையளைக் கவனமாப் பாருங்கோ." கீழே என் மகளின் பெயர். எழுதியவர் அவளுடைய டீச்சர். வகுப்புக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் மன்னிப்பைப் பத்துத் தரம் எழுத வைக்கும் டீச்சர்.

நாங்கள் யாழ்ப்பாணம் போய்வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டீச்சரோ இந்தியாவில் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, தொண்டைக் கரகரப்போடு போன கிழமைதான் வந்திறங்கியிருந்தார். மகளுக்குப் போடவேண்டிய தடுப்பூசியை நான் தவறவிட்டிருந்தேன். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என் பிள்ளையின் பெயரை ஊருக்கெல்லாம் போடுவதா?

மகள் பிழைத்தாள். ஆனால் எங்கள் ரெய்னர்ஸ் லேன் பகுதிக் கடையில் தெரிந்த ஆட்கள் எங்களைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள். கலைவிழா நடனத்திலிருந்தும் அவளை எடுத்துவிட்டார்கள். அவள் சலங்கையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

தொற்று எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தார். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பித்தளைச் செம்பில்தான் தண்ணீர். அதைப் பற்றி அவர் கேட்டதற்கு, அண்ணாந்து குடிப்பதுதான் எங்கள் வழக்கம், ஒருவரும் வாய் வைப்பதில்லை என்று டீச்சர் பெருமையாகச் சொன்னாராம். அந்தப் பெண்ணும் செம்பைச் சோதிக்காமல் விட்டுவிட்டார். யாத்திரையைப் பற்றி டீச்சர் மூச்சே விடவில்லை.

லண்டனில் பிறந்த பிள்ளைகளாவது, அண்ணாந்து குடிப்பதாவது! மகளிடம் கேட்டேன்.

"எல்லாரும் வாய் வச்சுத்தான் அம்மா. டீச்சரும்தான்."

எனக்கு வேலை ஓர் ஆவணக் காப்பகத்தில். நூறு வருடத்துக்கு முந்திய பள்ளிப் பதிவேடு ஒன்றை ஸ்கேன் செய்தது ஞாபகம் வந்தது. அங்கும் இதே நோய்தான். சுகமாக நின்ற பிள்ளைகள், ஆசிரியை என்று ஒருவர் விடாமல் தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்திருக்கிறார் மருத்துவர். நோயில்லாதவரும் கிருமியைச் சுமப்பார் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. போனை எடுத்து அந்தப் பெண்ணிடம் செம்பு, கரகரப்பு, யாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். பொதுநலமா? மண்ணாங்கட்டி. எனக்கு வேண்டியது பழி.

ஒரு கிழமையில் டீச்சரே அழைத்தார். ஒரே அழுகை.

"என்ர தொண்டையிலயும் இருக்காம். நான் இந்தியாவால வந்த பிறகுதான் இது பரவினது எண்டு சுகாதாரப் பகுதியில சொல்லுகினம். குரூப்பில போட்டிடாதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன்."

சொன்னால் என்ன, எனக்கு இனித்தது.

"நான் போட மாட்டன், டீச்சர். நீங்களே எழுதுங்கோ, என்ர பிள்ளையால வரேல்லை எண்டு. பத்துத் தரம்."

அன்று பின்னேரம் குரூப்பில் அந்த வரி ஒவ்வொரு தரமாக வந்தது. மகளைப் பக்கத்தில் இருத்தி எண்ண வைத்தேன். ஒன்பதில் நின்றது.

"போதும் அம்மா," என்றாள்.

எனக்குப் போதவில்லை. "இன்னும் ஒண்டு, டீச்சர்" என்று எழுதினேன்.