குளோரினுக்கு ஏழு போட்ட கஸ்தூரி அக்கா

டுடோரியலில் வேதியியல் எடுப்பவர்களுக்கு முதலில் தொண்டை போகும், அடுத்து பொறுமை போகும். சாக்பீஸ் பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். மந்தைவெளியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில், பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதுகிறவர்களுக்குக் காலை ஆறரை மணி வகுப்பு என்னுடையது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள், ஆனாலும் நான்தான் மிஸ்.

ஏழு வைத்திருப்பவன்

கஸ்தூரி அக்காவுக்கு தி. நகர் ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை. அரசு அலுவலகத்தில் காவலாளியாக இருந்த கணவர் இறந்துபோனார். பத்தாவது பாஸ் செய்தால் அதே அலுவலகத்தில் அக்காவுக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். அதற்கான கெடு முடிவதற்குள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தேர்வு. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார். அறிவியல் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது.

குளோரினின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 7. இணைதிறன், அதாவது வேலன்சி, என்ன என்றால் ஏழு என்று எழுதுவார். ஐந்தாவது முறையும் ஏழு வந்ததும் கத்திவிட்டேன். "சோடியத்துக்குக் கடைசிக் கூட்டில் ஒன்றுதான் இருக்கு, அதைக் கொடுத்துடும். குளோரின் எட்டாக்கிக்க ஒன்று வாங்கும். அதனால ரெண்டுக்கும் இணைதிறன் ஒன்று. இதுல என்னக்கா கஷ்டம்?"

அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு வச்சிக்கினு கீறவன், ஒண்ணே ஒண்ணு வச்சிக்கினு கீறவன்கிட்ட வாங்கறான். இத்த மொதல்லயே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும் மிஸ், எங்க தெருவுல கீறதுதான்."

நியானுக்கு நியாயம்

ஆட்டோ ஓட்டும் தனசேகர் அண்ணன் கடைசி பெஞ்ச். நியான் 2, 8. கூடு நிரம்பிவிட்டது, கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், ஆகவே இணைதிறன் பூஜ்யம். அண்ணன் எட்டு போட்டிருந்தார். அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். அவருக்கு மனசே ஆறவில்லை.

"யார்கிட்டயும் கை நீட்டாம பொழைக்கிறவனுக்கு சைபரா? இன்னா மிஸ் இது அநியாயமா கீது!"

புடவைக்குள் மெக்னீசியம்

கடையில் நோட்டு எடுத்துப் படிக்க முடியாது. அக்கா என்ன செய்தார் தெரியுமா? புடவை மடிப்புக்குள் வைக்கும் அட்டையில் பாடத்தைப் பேனாவால் எழுதி, கூட்டம் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொண்டார். ஒருநாள் அந்த அட்டை புடவையோடு விற்றுப்போனது.

இரண்டு நாள் கழித்து அட்டையும் கையுமாக மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்து நின்றார். மேற்பார்வையாளர் அக்காவைக் கூப்பிட்டார். வேலை போனது என்றே அக்கா நினைத்துவிட்டார். கேட்ட எனக்கே குற்றமாகப் பட்டது. இந்த யோசனைக்கு "சபாஷ்" சொன்னவளே நான்தானே!

மாமி சொன்னது இவ்வளவுதான்: "புடவை ஜோரா இருக்கு. மெக்னீசியத்துக்கு ரெண்டு, எட்டு, ரெண்டுன்னு போட்டுண்டு வந்தவ, வேலன்சியை எழுதாம விட்டுட்டாளே! ரெண்டுன்னு எழுதிக்கச் சொல்லுங்கோ."

ஆக்சிஜன்

தேர்வன்று பள்ளி வாசலில் நான்தான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை போனால் அலுவலக வேலையும் போச்சு. ஆக்சிஜனின் எலக்ட்ரான் அமைப்பைக் கொடுத்து இணைதிறனைக் கேட்டிருந்தார்கள், இரண்டு மதிப்பெண். 2, 6. எட்டாக இன்னும் இரண்டு வேண்டும், விடை இரண்டு. அக்கா வெளியே வந்ததும் வராததுமாக என்ன எழுதினீர்கள் என்று பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல ஆறுன்னுதான் எழுதுனேன். நீங்க கத்தற மாரியே காதுல கேட்டுச்சு மிஸ், அடிச்சிட்டு ரெண்டு போட்டேன்."

முப்பத்தாறு

பாஸ் மார்க் முப்பத்தைந்து, அக்கா வாங்கியது முப்பத்தாறு. அடித்து எழுதிய அந்த இரண்டு மதிப்பெண் இல்லையென்றால் முப்பத்துநான்கு. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வேலை கிடைத்த முதல் நாள் மதியம் போன் வந்தது. பன்னிரண்டு வருஷம் புடவைக் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை பார்த்தவர், தாழ்ந்த குரலில் பேசினார்.

"மிஸ், காலைலேர்ந்து நாற்காலில உக்காந்துகினே கீறேன். இன்னும் ஒருத்தரும் எழுந்திருன்னு சொல்லல."

டுடோரியல் வேலை இவ்வளவுதான்: நாம் நின்றுகொண்டே இருப்போம், ஒவ்வொருவராகப் போய் உட்காருவார்கள்.