கடைவீதியில் நான் போட்ட கோடு

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் நகர, வட்டாரத் திட்டமிடல் முதுகலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு எந்த ஊரை எடுப்பது என்று தடுமாறியபோது பேராசிரியர், "உனக்குத் தெரிஞ்ச ஊரையே எடும்மா" என்றார். ஓசூரை எடுத்தேன். தொழிற்பேட்டை வளர்ந்த பிறகு எங்கள் கடைவீதியில் நடக்கவே வழியில்லை. ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்களும், பெங்களூர் போகும் லாரிகளும், சந்தைக்கு வந்த வண்டிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த வீதியில்தான் அத்தாவின், அதாவது என் அப்பாவின், ஹார்டுவேர் கடை இருந்தது.

விடுமுறையில் வகுப்புத் தோழி ஒருத்தியோடு வந்து வீதியை அளந்தேன். பக்கத்துத் துணிக்கடைக்காரரை சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் கடைவாசலில் அளக்கும்போது டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். "பாப்பா படிச்சு முடிச்சு ஊரையே மாத்திடப் போவுது" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். இருவருக்கும் டீ வரவழைத்தார்.

அளவுகளைத் தாளில் ஏற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. லாரி தாராளமாகப் போகுமளவு சாலையை விரித்தால், மேற்கு வரிசைக் கடைகளில் முன்பாதி போய்விடும். எங்கள் கடையும் அந்த வரிசைதான். டிரேசிங் தாளில் சிவப்பு மையால் கோட்டைப் போட்டேன். அத்தா பார்த்தார். "இதுல நாம எங்க இருக்கோம்?" என்றார். காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

என் தோழி கடையில் ஏதோ வாங்கப் போன இடத்தில் வாய் தவறிச் சொன்னாளோ, கடைப்பையன் யாராவது எட்டிப் பார்த்தானோ, தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா சாப்பிட உட்காரும் நேரம், வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் மாமா. செருப்பைக் கழற்றாமலே பேசினார்.

"கடையெல்லாம் இடிக்கறதுக்கு மேப் போட்டிருக்குதாமே உங்க பொண்ணு?"

"அது படிப்புங்க. பரீட்சைக்கு" என்றார் அத்தா.

"படிப்புன்னா கொண்டாந்து காட்டச் சொல்லுங்க."

அத்தா என்னைப் பார்த்தார். தாளைக் கொண்டுவந்து தரையில் விரித்தேன். எல்லோரும் குனிந்து அவரவர் கடையைத் தேடினார்கள். டீக்கடைக்காரர் தன் கடையைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தார். எடுக்கவேயில்லை.

"எங்க கடையும்தான் போகுது மாமா" என்றேன். அது ஒரு சமாதானம் என்று நினைத்திருந்தேன்.

"உங்க அத்தா கடை போனா சம்பாரிச்சுப் போட நீ இருக்கிற. எனக்கு யாரு இருக்கறாங்க? என் கையாலயே அளக்க வெச்சியே பாப்பா!" என்றார் மாமா. பிறகு கோபத்தில் தெலுங்குக்கு மாறினார். எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"இதை அழிச்சிட்டு வேற பக்கம் போட முடியாதா?" என்று அத்தா கேட்டார். என்னிடம் அவர் அப்படிக் கெஞ்சும் குரலில் பேசியதேயில்லை.

முடியும். ஊருக்கு வெளியே, கிழக்கே, கேழ்வரகுக் காடுகள் வழியாகப் புறவழிச்சாலை. அந்த யோசனையும் என்னிடம் இருந்தது. சொன்னேன். "அப்ப அங்கயே போடு" என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"எது, எங்க அண்ணன் தம்பிங்க நிலத்துலயா?" டீக்கடைக்காரர் நிமிர்ந்தார். "கம்பெனிக்குக் குடுத்தது போக மிச்சம் அதுதான்யா இருக்குது!"

அதன்பின் அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் நிலைக்குப் போனபோது அத்தா நடுவில் புகுந்து பிரித்துவிட்டார். தாளின் ஓரம் யார் காலிலோ சிக்கிக் கிழிந்தது. போகும்போது யாரும் எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அத்தா அன்று சாப்பிடவில்லை.

சென்னை திரும்பி இரண்டு கோடுகளையும் வரைந்து சுவரில் மாட்டினேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டும் இருக்கட்டும். நீங்க எதைச் சிபாரிசு பண்றீங்க?"

இரண்டிலும் நல்லது கெட்டது உண்டு என்று தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. கடைக்காரர்களுக்கு வீதியின் பின்பக்கம் நகராட்சி இடம் கொஞ்சம் இருந்தது, மாடி எழுப்பவும் வழியிருந்தது. புறவழிச்சாலைக்கு நிலம் இழப்பவர்களுக்குத் திருப்பித் தர அந்தப் பக்கம் எதுவும் மிச்சமில்லை. "வீதியை விரிக்கறதுதான் சார்" என்றேன்.

"கடைக்காரங்க ஒத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க சார். எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க."

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர் எதையோ எழுதினார்.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் பேசினேன். பின்னால் லாரி ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது.

"எந்தக் கோடு சொன்ன?" என்றார் அத்தா.

"நம்ம கடைமேல போட்டதுதான் அத்தா."

ஹாரன் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்:

"பாஸ்தானே?"

"பாஸ்தான்."

"சரி. சாப்பிட்டியா?"

என் ஆய்வேடு கல்லூரி நூலகத்தில் தூங்கியது. அதைப் பார்த்து யாரும் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை. அந்த ரம்ஜானுக்குத் துணி எடுக்க மாமா கடைக்கே போனேன். அவர் எழுந்து நின்று, "வாங்க, என்ன பார்க்கறீங்க?" என்றார். நான் கேட்ட துணியை விரித்துக் காட்டினார், தாராளமாகவே அளந்து கிழித்தார். என் கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டார். ஆனால் அவர் வாயிலிருந்து பாப்பா என்ற சொல் பிறகு வரவேயில்லை. கடைசிவரை நான் அவருக்கு 'நீங்க'தான்.